தாழ்ப்பாள் போட்ட சுரங்கள்

சின்தசைசர் கீபோர்டில் இருக்கும் எத்தனையோ பொத்தான்களில் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சில கம்பெனிகள் அதற்கு 'ஹோல்ட்' என்று பெயர் வைத்தன, சில 'லாட்ச்' என்றன. லாட்ச் என்றால் தாழ்ப்பாள். பெயருக்கேற்ற வேலைதான். நாம் கையை எடுத்த பிறகும் கட்டைகள் அழுத்தியபடியே இருப்பதாக மெஷினை நம்ப வைப்பது.

ஆர்பெஜியேட்டர் தெரியாதவர்களுக்கு நான்கு வரி. ச-க-ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது கார்டு. அதையே ஒவ்வொன்றாக உதிர்த்தால் ஆர்பெஜியோ. ஹார்ப் வாத்தியத்தின் இத்தாலியப் பெயரான 'ஆர்ப்பா'விலிருந்து வந்த சொல். பியானோ கற்பவர்கள் இதற்காக வருஷக்கணக்கில் விரல் பழகுவார்கள். ஆர்பெஜியேட்டர் அந்த வேலையைத் தானே செய்துவிடும். ஏறு, இறங்கு, ஏறி இறங்கு, இஷ்டத்துக்குக் குதி என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் விரலை எடுத்தால் பாட்டு நின்றுவிடும். உதவிக்கு ஆள் வைத்தும் பக்கத்திலேயே நின்று கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலைமை :)

தாழ்ப்பாள் வருவதற்கு வழி விட்டது மைக்ரோபிராசசர். 1978-ல் வந்த புராஃபெட்-5, ரோலண்ட் ஜூபிடர்-4 போன்ற மெஷின்களில் எந்தக் கட்டை அழுத்தப்பட்டிருக்கிறது என்பதைச் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று ஓயாமல் பார்த்துக் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை விரல் எடுத்ததும் அழிக்காமல் விட்டால் அதுதான் ஹோல்ட். கூடுதல் செலவு என்று பார்த்தால் ஒரு பொத்தானும் கொஞ்சம் புரோகிராமும். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவனுக்கு இதைவிட லாபகரமான வசதி ஒன்று கண்ணில் படாது.

ஜூபிடர்-4-ல் ஆர்பெஜியோ ஏற்கெனவே இருந்தது. 1981-ல் கோர்க் பாலிசிக்ஸ் 'லாட்ச்' என்றே எழுதிய பொத்தானோடு வந்தது. அதே வருஷம் வந்த ஜூபிடர்-8-ல் கீபோர்டை இரண்டாகப் பிரித்து, இடது பாதிக்குத் தனி ஹோல்ட், வலது பாதிக்குத் தனி ஹோல்ட் என்று கொடுத்தார்கள். இடது பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வலது கையால் ராகம் வாசிக்கலாம். விடுபட்ட இடது கை சும்மா இருக்குமா? ஃபில்டர் நெம்புகோலை மெல்ல ஏற்றும், இறக்கும். சுரங்கள் மாறாது, ஆனால் அவை மூடிய அறையிலிருந்து வெளியே வருவது போல ஒலி திறக்கும். எண்பதுகளின் சின்தசைசர் ஒலி என்று நாம் இன்று அடையாளம் காண்பதில் பெரும்பங்கு இந்த விடுபட்ட கையின் வேலை என்பது என் கணிப்பு.

1982-ல் டுரான் டுரான் குழுவின் 'ரியோ' பாட்டைக் கேளுங்கள். ஆரம்பத்தில் தெறிக்கும் அந்தச் சுரங்கள், நிக் ரோட்ஸ் ஜூபிடர்-4-ஐ 'இஷ்டத்துக்குக் குதி' முறையில் ஓடவிட்டது. அதே வருஷம் வந்த ஜூனோ-60-ல் ஆர்பெஜியோவுக்கு வெளியிலிருந்து தாளம் கொடுக்க ஒரு துளை இருந்தது. டிஆர்-808 டிரம் மெஷினிலிருந்து ஒரு வயரைச் சொருகி, கார்டுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டால், மேடையில் யாரும் எதையும் தொடாமலே சங்கீதம் ஓடும்.

பயம் வருமா வராதா? வந்தது. 1982-லேயே பிரிட்டன் இசைக் கலைஞர்கள் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசர்களுக்கும் டிரம் மெஷின்களுக்கும் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. பாரி மனிலோ தன் சுற்றுப்பயணத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் சின்தசைசர்களை வைத்துக்கொண்டதுதான் உடனடிக் காரணம். தடை வரவில்லை. அந்தத் தீர்மானத்தை இன்று கேலி செய்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கார்டு, எப்போது மாற்றுவது என்பது தாழ்ப்பாளுக்குத் தெரியாது, அதை மனிதன்தான் முடிவு செய்கிறான் என்ற வாதம் சரிதான். ஆனால் அன்றைய ராத்திரிச் சம்பளம் போன வயலின்காரருக்கு அந்த வாதத்தால் என்ன பிரயோஜனம்?

வேடிக்கை என்னவென்றால், ஆர்பெஜியேட்டருக்கே சீக்கிரம் வேலை போனது! 1983-ல் மிடி வந்தது. அதே வருஷம் யமஹா டிஎக்ஸ்-7 வந்தது. அதில் ஆர்பெஜியேட்டரும் இல்லை, திருகுவதற்குக் குமிழ்களும் இல்லை. விடுபட்ட கைக்கு அங்கே என்ன வேலை? குமிழ் போனதால் மட்டும் போனது என்றும் சொல்லிவிட முடியாது. 1984-ன் ஜூனோ-106-ல் நெம்புகோல்கள் அப்படியே இருந்தன, ஆர்பெஜியோவை மட்டும் எடுத்துவிட்டார்கள். மிடி சீக்வென்சர் அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கலாம். 1995-ல் ஸ்வீடனின் நார்ட் லீட் குமிழ்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஆர்பெஜியேட்டரும் கூடவே வந்தது. 2002-ல் வந்த மைக்ரோகோர்க்கில் லாட்ச் உண்டு.

கையில் ஒரு கீபோர்டு கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். லாட்ச் போட்டு ஒரு கார்டை அழுத்துங்கள். பல மெஷின்களில், எல்லா விரல்களையும் எடுத்துவிட்டுப் புதிதாக அழுத்தினால் பழைய கார்டு போய்விடும். ஒரு விரலையாவது எடுக்காமல் இன்னொரு கட்டையைத் தொட்டால் அதுவும் வரிசையில் சேர்ந்துகொள்ளும். மூன்று சுரத்தில் ஆரம்பித்து ஏழு வரை வளர்க்கலாம்.

கொசுறு: ஏஆர்பி என்றே ஒரு அமெரிக்க சின்தசைசர் கம்பெனி இருந்தது. ஆர்பெஜியோவுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. அது நிறுவனர் ஆலன் ராபர்ட் பேர்ல்மேனின் முதலெழுத்துகள். பாலிசிக்ஸ் லாட்ச் பொத்தானோடு வந்த அதே 1981-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.