சாய்ந்து நிற்கும் கொட்டை எழுத்து

தடிமன், சாய்வு, முனைக்குறுக்கின்மை ஆகிய மூன்று இயல்புகளும் ஒருங்கே அமைந்த அச்செழுத்து நூலின் உடற்பகுதிக்கு ஆகாது. தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் பெயர்ப்பலகைக்குமே அது உரியது. விரைவையும் உரத்த குரலையும் ஒருசேரக் காட்டுவது அதன் குணம். இம்மூன்று இயல்புகளும் தமிழுக்கு ஒரே வழியில் வந்தவை அல்ல என்பதை நாம் கருத வேண்டும்.

ஐரோப்பாவில் சாய்வெழுத்து அழுத்தம் காட்டுவதற்காகப் பிறக்கவில்லை. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501இல் வெளியிட்ட வர்ஜிலின் நூல், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தால் ஆனது. கற்றோரின் கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. முனைக்குறுக்கற்ற அச்செழுத்து 1816இல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரி ஏட்டில் தோன்றியது. அதைத் தடிக்கச் செய்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளம்பரச் சந்தை.

தமிழில் முனைக்குறுக்கு என்பதே அயலானது. எழுத்தாணி ஓலையில் கீறிய கோடு ஏறத்தாழ ஒரே பருமனுடையது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோதுதான் அக்கோடு ஈயத்தின் வழக்கத்துக்குள் புகுந்தது. தடிமனுக்கோ நம் பேச்சிலேயே இடமுண்டு: முக்கியமான செய்தியைக் 'கொட்டை எழுத்தில்' போட்டிருப்பதாகச் சொல்கிறோம். ஆயினும் தடிமனுக்கு ஓர் எல்லை உண்டு. ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகளுக்குள் வெண்மை அடைபட்டால் எழுத்து கறையாகிவிடும்.

சிக்கல் சாய்வில்தான். உரோமன் சாய்வெழுத்தில் சில எழுத்துகள் வடிவமே மாறுகின்றன. தமிழில் பெரும்பாலும் நேரெழுத்தையே கணினி தள்ளிச் சாய்க்கிறது. அப்போது ட தன் செங்கோணத்தை இழக்கிறது. ழ, ள ஆகியவற்றின் வளைவு ஒருபுறம் நசுங்கி மறுபுறம் புடைக்கிறது. தூரிகை பிடித்த பலகை ஓவியர் சாய்த்து எழுதும்போது இந்தக் கோணலைக் கண்ணளவாலேயே திருத்திவிடுவார். ஃப்ளெக்ஸ் பலகைகள் வந்தபின் அந்தத் திருத்தம் பல இடங்களில் இல்லாமற்போயிற்று.

கைத்தறிப் போர்வைக்குப் பெயர்பெற்ற சென்னிமலையில் இதை விளக்க ஓர் உவமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாவும் ஊடும் செங்குத்தாகவே வெட்டிக்கொள்ளும். ஆகவே துணியில் நெய்யப்படும் சாய்கோடு சிறு சிறு படிகளாகவே அமையும். அப்படிகளை எங்கே வைத்தால் கண் அவற்றைக் கோடாகக் கொள்ளும் என்பது நெசவாளர் அறிவு. நேராக வரைந்ததை இழுத்துச் சாய்த்தால் அது கைகூடாது. சாய்வை முதலிலிருந்தே வரைய வேண்டும்.

எழுத்துருவுக்கும் இதுவே விதி. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்தாகவே பிறந்த தமிழ் எழுத்துரு. அதில் தடிமன் இல்லை. அது பலகைக்கான எழுத்துமன்று. எனினும் தமிழெழுத்து தன் இயல்பு குலையாமல் சாய முடியும் என்பதற்கு அது சான்று. கொட்டை எழுத்தும் அவ்வாறே தொடக்கத்திலிருந்து வரையப்படுமானால், நம் கடைவீதிகளில் ழகரம் நசுங்காமல் நிற்கும்.