வாரிசு முன்னுரிமையும் மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளும்

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் மீதான வழக்கில் வெளிவந்த சேர்க்கை விவரங்கள் பலரும் ஊகித்திருந்ததை எண்களில் காட்டின. அங்கே படித்தவர்களின் பிள்ளைகள் விண்ணப்பித்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 33 பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் 6 பேருக்கு. அதே வழக்கில் 2023 ஜூன் 29 அன்று, இனத்தைக் கருத்தில் கொள்ளும் சேர்க்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்தது. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரும் வாரிசு முன்னுரிமையை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. பாட்டனுக்கு வாசல் அடைக்கப்பட்ட கறுப்பின மாணவர் அதைச் சுட்டிச் சலுகை பெற முடியாது. பாட்டன் படித்துப் பட்டம் பெற்றவர் பெறலாம்.

இம்முறை பழம்பெருமையில் பிறந்ததன்று. 1920களில் நுழைவுத் தேர்வில் தேறிய யூத மாணவர்கள் பெருகியபோது, 1922இல் ஆர்வர்டின் தலைவர் லோவெல் அவர்களுக்கு உச்சவரம்பு கோரினார். வெளிப்படையான வரம்பு எதிர்ப்புக்குள்ளானது. ‘குணநலன்’, நேர்காணல், புகைப்படம், குடும்பப் பின்னணி, வாரிசு முன்னுரிமை ஆகியவை அதன் வேலையைச் செய்தன.

முன்னாள் மாணவரின் பிள்ளைகள் இயல்பாகவே நன்கு படித்தவர்கள் என்பது ஆதரவாளர் வாதம். பொருளியலாளர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகியோரின் 2023ஆம் ஆண்டு ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. வருமானத்தில் உச்ச 1 விழுக்காட்டுக் குடும்பத்து வாரிசுக்கு, ஒத்த தகுதியுள்ள சராசரி விண்ணப்பதாரரைவிட 5 மடங்கு வாய்ப்பு. அதே பிள்ளை பெற்றோர் படிக்காத, அதே தரத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கூடுதல் வாய்ப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. திறமையே காரணமென்றால் அது ஊர் மாறினால் குறையுமா? என்னைப் பொறுத்தவரை விவாதம் இங்கேயே தீர்ந்துவிட்டது.

நன்கொடை வற்றிவிடும் என்ற அச்சமும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இம்முறையைக் கைவிட்டது. 2009இல் புதிய மாணவரில் 12.5 விழுக்காடாக இருந்த வாரிசுகள் 2019இல் 3.5 ஆயினர். வறிய குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகைக்குத் தகுதியானோர் ஏறத்தாழ 9 விழுக்காட்டிலிருந்து 19 ஆயினர். 2018இல் முன்னாள் மாணவர் மைக்கேல் புளூம்பெர்க் அளித்த 180 கோடி டாலருக்கும் இந்த உயர்வில் பங்குண்டு. அப்பெரும் நன்கொடை வாரிசு முன்னுரிமை கைவிடப்பட்ட பின்னரே வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவக் கல்வியில் சிக்கல் ஆழமானது. சுவீடனில் உள்நாட்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. அங்கும் 1950களில் பிறந்த மருத்துவர்களில் 6 விழுக்காட்டினருக்கே தாயோ தந்தையோ மருத்துவர். 1980களில் பிறந்தோரில் 20 விழுக்காட்டினருக்கு. சட்டம் படித்தவர்களிடம் இந்தப் போக்கு காணப்படவில்லை. விதி எதுவும் இல்லாமலே தொழில் குடும்பத்துக்குள் இறங்குகிறது. அமெரிக்காவில் விண்ணப்பிப்பவர் மருத்துவரின் கூடவே இருந்து கவனித்த அனுபவத்தையும் பரிந்துரைக் கடிதங்களையும் காட்ட வேண்டும். மருத்துவர் வீட்டில் இவை ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும். பேருந்து ஓட்டுநரின் மகள் முன்பின் அறியாத மருத்துவமனையின் கதவைத் தட்ட வேண்டும்.

வீட்டுச் சூழல் தரும் இந்த அனுகூலத்தை எந்தச் சட்டமும் முழுதாகத் துடைக்காது. அதன்மேல் நிறுவனமே இன்னொரு சலுகையை ஏற்றிவைப்பதற்கு நியாயமில்லை. சில அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் துணை விண்ணப்பங்கள், உறவினர் எவரேனும் இங்கே படித்தவரா என்று இன்னமும் கேட்கின்றன. அந்தக் கேள்வியை நீக்கச் சட்டம் வரும்வரை அவை காத்திருக்க வேண்டியதில்லை.