தலைப்பிரசவம் எந்த ஊரில்?

சந்தாபுராவிலிருந்து அத்திபெலே எல்லை சுமார் 10 கிலோமீட்டர். ஒசூர் நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடலாம். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளை ஒட்டிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் முதன்முறை கருவுற்றால், வளைகாப்பு முடிந்த கையோடு இந்தத் தொலைவு ஒரு கேள்வியாகிவிடுகிறது. பிரசவம் இங்கேயா, தாய்வீட்டிலா? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம் தரும் விடை. ஏழு மாதமாகப் பரிசோதித்த மருத்துவமனையின் அட்டையோ வேறு விடை தருகிறது. கருவுற்றவள் என்ன சொன்னாள் என்பது, கடந்த நூற்றைம்பது ஆண்டு ஆவணங்களில் மிக அரிதாகவே பதிவாகியிருக்கிறது.

இந்த மௌனத்தைச் சொற்களிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். சந்தாபுராவின் தெருக்களில் அருகருகே ஒலிக்கும் இரு மொழிகளும் பிறப்பைக் குறிக்க ஒரே வேரையே பயன்படுத்துகின்றன. தமிழின் ‘பெறு’ கன்னடத்தில் ‘ஹெறு’ ஆயிற்று. பால் ‘ஹாலு’ ஆனதும் புலி ‘ஹுலி’ ஆனதும் இதே ஒலிமாற்றத்தால்தான். தமிழில் பேறு, மகப்பேறு, கன்னடத்தில் ‘ஹெரிகெ’. தமிழில் இலக்கியத்துக்கும் தாவரவியல் பாடநூலுக்கும் ஒதுங்கிவிட்ட ‘சூல்’, கன்னடத்தில் பிரசவம் பார்க்கும் பெண்ணின் பெயரில் இன்றும் வாழ்கிறது: ‘சூலகித்தி’. தமிழில் அவள் மருத்துவச்சி; பெயர் மருந்தின் வழியே வந்தது. வேர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு சமூகத்தை ஊகிப்பது ஆபத்தான பழக்கம் என்பதால் இதை இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் வினைகளைக் கவனிக்காமல் விட முடியாது. ‘பிள்ளை பெற்றாள்’ என்னும் தொடரில் மட்டுமே அவள் எழுவாய். ‘தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள்’, ‘மருத்துவமனையில் சேர்த்தார்கள்’, ‘பிரசவம் பார்த்தார்கள்’ என்று முடிவெடுப்பதைக் குறிக்கும் தொடர்கள் அனைத்திலும் செய்பவர் வேறொருவர். அவள் செயப்படுபொருள், அல்லது தொடரிலேயே இல்லை.

வரலாற்று ஆவணங்களின் இலக்கணமும் பெரும்பாலும் இதுவே. சென்னையில் 1844இல் தொடங்கப்பட்ட பிரசவ மருத்துவமனையே பின்னர் எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையாக வளர்ந்தது. கட்டடம் இருந்தது, ஆயினும் ஆண் மருத்துவர் தொடுவதை ஏற்காத குடும்பங்களுக்கு அதன் வாசல் அடைத்தே இருந்தது. வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் இந்நிலையைக் கேள்விப்பட்டுத்தான் மருத்துவம் கற்க முனைந்தார். 1875இல் அவரும் வேறு மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டனர். லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவரது முயற்சியால் 1885இல் சாதிப்பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை உருவாயிற்று. இன்று அது திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ‘சாதி’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கித் தொடங்கிய ஒரு நிறுவனம் யாருடைய தயக்கத்தைத் தீர்க்க எழுந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அது குடும்பத் தலைவர்களுடைய தயக்கம்.

திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் கண்ட இரவு பலரும் அறிந்தது. 1890களில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருக்கும் தத்தம் மனைவியருக்காக உதவி கேட்டு வருகிறார்கள். ஐடா அப்போது மருத்துவர் அல்லர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு கூறுகிறார். மூவரும் மறுக்கிறார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருக்கிறார்கள். ஐடா மருத்துவம் பயின்று 1900இல் திரும்பி வந்து, வேலூரில் பெரும் நிறுவனமாக வளர்ந்த பணியைத் தொடங்கியதற்கு இந்த இரவே காரணமாகச் சொல்லப்படுகிறது. இது பிற்காலத்தில் ஐடாவே மீண்டும் மீண்டும் சொன்ன கதை. நன்கொடையாளர்களை நோக்கியும் சொல்லப்பட்டது. அந்த எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஒன்று எஞ்சுகிறது. வாசலில் மூன்று கணவர்கள் பேசுகிறார்கள், ஒரு தந்தையும் மகளும் பேசுகிறார்கள். உள்ளே துடித்த மூவரும் ஆண் மருத்துவரை வேண்டாம் என்றார்களா, அவர்களிடம் யாரேனும் கேட்டார்களா? கதையில் அதற்கு இடமே இல்லை.

இதே காலத்தில் அரசும் டஃப்ரின் நிதி போன்ற அமைப்புகளும் பழியை வேறொரு பக்கம் திருப்பின. பெண்கள் இறப்பதற்குக் காரணம் அழுக்குக் கையுடைய மருத்துவச்சி என்பது அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் பல்லவி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கிருமிநீக்கம் தெரியாத கைகளால் பிரசவக் காய்ச்சல் பரவியது. ஆனால் ஐரோப்பிய மருத்துவமனைகளிலும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அதே காய்ச்சலை மருத்துவர்களின் கைகளே பரப்பின என்பது அறிக்கைகளில் அவ்வளவு சத்தமாக வருவதில்லை. தமிழகத்தின் பல பகுதிகளில் மருத்துவச்சி, நாவிதர் என்று இழிக்கப்பட்ட மருத்துவச் சமூகத்தைச் சேர்ந்தவள். பிறப்பின் தீட்டைச் சுமப்பது அவள் வேலை. பிறப்பு தவறினால் பழியும் அவளுக்கே. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவேட்டைக் கொண்டுவந்தபின், பயிற்சிச் சான்றிதழ் இல்லாத அவள் மெல்ல மெல்ல ஆவணங்களிலிருந்து மறைகிறாள்.

எல்லைக்கு அப்பால் நிலைமை சற்று வேறு. பிரிட்டிஷ் காலத்தில் ஆனேக்கல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஒசூர் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில். இன்றைய அத்திபெலே எல்லை அன்றும் இரு அரசுகளுக்கு இடையிலான எல்லையே. மைசூர் அரசு 1930இல் அரசு மருத்துவமனைகளிலேயே கருத்தடை மையங்களைத் தொடங்க ஆணையிட்டது. ஓர் அரசாங்கம் நடத்திய கருத்தடை மையங்களில் உலகிலேயே முதலாவதாக இவை குறிப்பிடப்படுகின்றன. 1935இல் பெங்களூரில் வாணி விலாஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டு தமிழில் பெரியாரின் ‘கர்ப்ப ஆட்சி’ என்ற சிறுநூல் வெளிவந்தது. கருத்தடையைப் பிறர் உடல்நலத்துக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் ஆதரித்தபோது, பெண் விடுதலை பெறுவதற்காகவே அது வேண்டும் என்பது அவர் வாதம். தலைப்பில் உள்ள ‘ஆட்சி’ தற்செயலான சொல்தேர்வு அன்று. தடை என்றால் தடுப்பவர் யாராகவும் இருக்கலாம். ஆட்சி என்றால் ஆள்பவள் ஒருத்தி வேண்டும். பிற்காலக் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ‘ஆட்சி’யைக் கைவிட்டது.

விடுதலைக்குப் பிந்தைய சாதனையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிருடன் பிறப்புக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, கர்நாடகத்தில் 69, இந்திய அளவில் 97. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பணியாற்றிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம், 2018 முதல் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக ரூ.18,000 அளவுக்கு உயர்ந்தது. வேலைக்குப் போக முடியாத மாதங்களில் அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்பதைக் கூலிவேலை அறிந்தவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டில் கருவுற்றவர் ‘பிக்மி’ எண் பெற வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் தொடர்கிறது. கர்நாடகத்தில் ‘தாயி கார்டு’. கணவரும் மாமியாரும் எடுத்த முடிவில் இப்போது அரசும் ஒரு பங்காளி.

சந்தாபுராப் பெண்ணின் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. தாய்வீட்டுக்குப் போவது வழக்கம் மட்டுமன்று. பேறுகாலத்துக்குப் பின் சில வாரங்களேனும் அவள் மாமியார் வீட்டு வேலையிலிருந்து விலகி உறங்கக் கிடைக்கும் ஓய்வு அது. வழக்கம் என்று சொல்லிக்கொண்டே தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்ட பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. ஆனால் உடல் எல்லை கடப்பதுபோல் பரிசோதனை வரலாறு எளிதில் கடப்பதில்லை. எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் 130/84 என்ற ஓர் அளவு தனியே பெரிதாக ஒன்றும் சொல்லாது. மூன்றாம் மாதத்தில் அது 100/60 ஆக இருந்தது என்று தெரிந்தால்தான் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பழைய அளவு அட்டையில் இருக்கிறது; அட்டை சந்தாபுரா வீட்டின் அலமாரியில் இருக்கலாம்.

அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துமகூரு மாவட்டம் சான்று. அம்மாவட்டத்துப் பாவகடா வட்டாரத்தைச் சேர்ந்தவர்தான் 15,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கட்டணமின்றிப் பார்த்த சூலகித்தி நரசம்மா. 2018இல் பத்மஸ்ரீ பெற்று, அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். சூலகித்தி என்ற தொழிற்பெயர் அவரது பெயரின் பகுதியாகவே நிலைத்தது. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் முடிவதற்குள், 2022 நவம்பரில், அதே மாவட்டத் தலைநகரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணி, தாயி கார்டும் ஆதார் அட்டையும் இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதாகச் செய்தி வந்தது. வீட்டிலேயே பிரசவம் நேர்ந்து, அவரும் இரட்டைக் குழந்தைகளும் இறந்தனர். மருத்துவரும் செவிலியரும் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். ‘திருப்பி அனுப்பப்பட்டார்’ என்ற செய்தித்தாள் தொடரிலும் அவர் செயப்படுபொருள்தான். திண்டிவனத்தில் மருத்துவர் தயாராக இருந்தார், வாசலில் நின்றவர்கள் மறுத்தார்கள். துமகூருவில் வாசலுக்கு அவரே வந்தார், உள்ளிருந்தவர்கள் மறுத்தார்கள்.

மருத்துவமனைக்கு வந்து சேர்வதோடு கேள்வி முடிவதுமில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கர்நாடகத்தில் சுமார் 97 விழுக்காட்டுப் பிறப்புகளும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிறப்புகளும் மருத்துவ நிறுவனங்களிலேயே நிகழ்கின்றன. அறுவைசிகிச்சைப் பிறப்பு கர்நாடகத்தில் 31.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 44.9. இதே ஆய்வு, வீட்டில் பிள்ளை பெற்றவரிடம் ஏன் மருத்துவமனைக்குப் போகவில்லை என்று கேட்கிறது. விடைப் பட்டியலில் ‘கணவரோ குடும்பத்தாரோ அனுமதிக்கவில்லை’ என்பதும் ஒன்று. மருத்துவமனையில் பெற்றவரிடம், அந்த மருத்துவமனையையும் அந்த ஊரையும் தேர்ந்தவர் யார் என்று அது கேட்பதில்லை.