பெஞ்சில் நடந்த தேர்தல்

‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்ற பலகை தமிழ்நாட்டு டீக்கடைகளிலும் சலூன்களிலும் பல காலம் தொங்கியது. பேச்சு அவ்வளவு நடந்தது. அதனால்தான் பலகையே தேவைப்பட்டது.

1949 செப்டம்பரில் சென்னையில் தி.மு.க. பிறந்தது. அதன் மேடைப் பேச்சைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் நடந்த பேச்சை எழுதியவர்கள் குறைவு. ஆனால் மாற்றுக் கட்சிக்காரரின் மனம் அசைந்தது பெரும்பாலும் அங்கேதான்.

அந்நாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குச் சிலர். கடைக்கு வரும் ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சூடான கிளாஸைத் துண்டு நுனியில் பிடித்தபடி கேட்பார்கள். பத்தி முடிவதற்குள் எதிரே இருக்கும் காங்கிரஸ்காரர், “அதெப்படிண்ணே?” என்று மடக்குவார். அரிசி ஏன் இந்த விலை? இந்தி வந்தால் என் பையன் வேலைக்கு என்ன வழி? இந்தக் கேள்விகளுக்கு முன் அடுக்குமொழி எடுபடாது. வாசித்தவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். தெரியாவிட்டால் படிப்பகத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டு மறுநாள் வர வேண்டும்.

மறுநாளும் அதே பெஞ்ச், அதே ஆட்கள். பலர் மாமன், மச்சான் உறவு. கட்சிக்காகப் பேச்சை முறித்துக்கொண்டு போய்விட முடியாது. அந்த நெருக்கடிதான் வாதத்தை நிதானப்படுத்தியது.

சட்டமன்றத் தேர்தல்களில் தி.மு.க.வுக்கு 1957இல் 15 இடங்கள், 1962இல் 50. 1967இல் 137 இடங்களைப் பிடித்தது. விருதுநகரில் காங்கிரஸ் தலைவர் காமராஜரே 1,285 வாக்குகளில் தோற்றார். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது கடினமான தேர்தல். தி.மு.க.வினரின் பழைய தலைவர் பெரியார் காமராஜர் பக்கம், பழைய காங்கிரஸ்காரர் ராஜாஜி தி.மு.க. தலைவர் அண்ணா பக்கம். நேற்றுவரை சொன்னதை மாற்றிச் சொல்ல, இரு தரப்புக்கும் புதுக் காரணம் வேண்டியிருந்தது.

ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி வழங்கப்பட்டது. இப்போது பதில் சொல்லும் முறை கழகத்தாருடையது. மீதி இரண்டு படி எங்கே என்று கேட்க, காங்கிரஸ்காரர் பெஞ்சில் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.