சி.டி. ஸ்கேன் பிறந்த கதை

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள்ளாகவே எலும்பு முறிவையும் உடலில் புதைந்த துப்பாக்கிக் குண்டையும் மருத்துவர்கள் படமெடுத்துப் பார்க்கத் தொடங்கினர். மூளை மட்டும் அதன் பிறகும் முக்கால் நூற்றாண்டு பிடிகொடுக்கவில்லை. மூளைத் திசு, அதைச் சூழ்ந்த நீர், கசிந்த இரத்தம் ஆகியவை கதிரை உறிஞ்சும் அளவில் மிகச் சிறிய வேறுபாடே உண்டு. மண்டையோட்டின் அடர்ந்த நிழலில் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

1919-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேன்டி ஒரு வழி கண்டார். முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை ஏற்றி, மூளையின் அறைகளைப் படமெடுப்பது அது. பிற்காலத்தில் நோயாளியை நாற்காலியில் கட்டி, காற்று நகரும்படி திருப்பித் திருப்பிப் படமெடுத்தனர். கடும் தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் நீடித்தன. 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி மூளையின் இரத்தக் குழாய்களைப் படத்தில் காட்டினார். இத்தனை வேதனைக்குப் பிறகும் கட்டி நேரடியாகத் தெரியாது. அறை நசுங்கியிருப்பதையும் குழாய் விலகியிருப்பதையும் வைத்து ஊகிக்கத்தான் முடிந்தது. தலையில் அடிபட்டு நினைவிழந்தவருக்கு, எந்தப் பக்கம் இரத்தம் தேங்கியிருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமலேயே மண்டையோட்டைத் துளைத்தும் பார்த்தனர்.

இந்த நிலையை மாற்றியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிரைச் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வருகிறது என்று அளந்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உறிஞ்சியது என்பதைக் கணினியால் கண்டுபிடிக்கலாம் என அவர் நினைத்தார். நிழலைப் பதிவு செய்வதை விட்டு அளவெடுக்கத் துணிந்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. காமா கதிர் கொண்டு செய்த முதல் சோதனையில் ஒரு பொருளை அளக்கவே 9 நாட்கள் ஆயின.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக் கட்டி இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டது. உடனிருந்தவர் கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். அளவுகள் பதிந்த காந்த நாடாவை இ.எம்.ஐ.க்கு அனுப்பிக் கணக்கிட வேண்டியிருந்தது. வந்த படத்தில் பக்கத்துக்கு 80 கட்டங்களே இருந்தன. ஆயினும் மூளையின் முன்பகுதியில் இருந்த நீர்க்கட்டி தெளிவாகத் தெரிந்தது.

இதற்கான கணிதத்தை 1963, 1964-ஆம் ஆண்டுகளிலேயே இயற்பியலாளர் ஆலன் கார்மாக் வெளியிட்டிருந்தார். அப்போது அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். 1979-இல் மருத்துவ நோபல் பரிசை அவரும் ஹவுன்ஸ்ஃபீல்டும் பகிர்ந்துகொண்டனர்.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய பெயர் இன்னொன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பைக் கண்டறிந்த ஜி. என். இராமச்சந்திரன், பெங்களூருக்குச் சென்றபின் 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன், இத்தகைய அளவுகளிலிருந்து படத்தை உருவாக்கும் முறை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தி நெருங்கியது. இவர்களுடைய முறையோ ஒவ்வொரு கோணத்து அளவையும் ஒரு கணித வடிகட்டியில் செலுத்தி, நேரடியாகப் படமாக்கியது. வேகமும் துல்லியமும் கூடிய இந்த வழியையே பின்னாளைய கருவிகள் பின்பற்றின. அந்த வடிகட்டி இன்றும் பாடநூல்களில் இருவர் பெயராலும் 'ராம்-லாக்' என வழங்குகிறது. இந்தியாவில் இதற்குக் கிடைத்த புகழ் போதாது.

1970-களின் நடுவிலேயே முழு உடலையும் எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என ஒவ்வொன்றாக ஸ்கேனின் எல்லைக்குள் வந்தன. எம்.ஆர்.ஐ. வந்த பிறகும் தலைக்காயத்துக்கும் பக்கவாதத்துக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் முதலில் எடுப்பது சி.டி.தான். பக்கவாதம் அடைப்பால் வந்ததா, இரத்தக் கசிவால் வந்ததா என்பது வெளி அறிகுறிகளில் உறுதியாகத் தெரியாது. கசிவு இல்லை என்று ஸ்கேன் காட்டினால்தான் அடைப்பை உண்டாக்கிய இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தை ஏற்ற முடியும். அதையும் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.