எலும்பு நோயுற்ற குழந்தைகளும் தாதியர் தொண்டும்

குழந்தை ஒன்று கால் வளைந்து பிறந்துவிட்டால், நம்மவர் வீடுகள் சிலவற்றில் இன்றும் முதலில் தேடப்படுபவர் மருத்துவர் அல்லர், சோதிடரே ஆவார். "முன்வினைப் பயன்" என்பார் ஒருவர். "கிரகணத்தன்று தாய் வெளியில் வந்த குற்றம்" என்பார் மற்றொருவர். பெற்றவள் தலைகுனிகின்றாள்; குழந்தையோ வந்தவர் கண்ணிற்படாமல் உள்ளறையில் கிடத்தப்படுகின்றது. இங்ஙனம் வீணே கழியும் நாள்களே அக்குழந்தையின் வாழ்வில் விலைமதிக்கவொண்ணாத நாள்கள் என்பதை அறிந்தார் சிலரே. ஆதலின், இந்நோய்களை மனித அறிவு எவ்வாறு வென்று வந்தது என்னும் சரித்திரத்தைத் தோட்டத்தாரும் பட்டணத்தாரும் அறிதல் நலமெனக் கருதி இதனை எழுதலானோம்.

1741ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் ஆந்திரி என்பார், குழந்தைகளின் உடற்கோணலைத் திருத்துதல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எலும்பு மருத்துவத்திற்கு மேல்நாட்டார் இன்று வழங்கும் பெயர் அவர் அமைத்ததே. அதன் பொருள் யாதெனில், 'நேரான குழந்தை' என்பதாம். வளைந்த இளமரம் ஒன்றைக் கழியோடு சேர்த்துக் கட்டியிருக்கும் படம் அந்நூலில் உண்டு. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் முன்னோர் மனத்தைக் குறித்துச் சொன்னதை, அவர் எலும்பைக் குறித்துச் சொன்னார். பச்சிளங் குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பேயாகும். அது மெல்லத் திருத்தினால் திரும்பும். முற்றியபின் எளிதில் இணங்காது.

ஆயினும், திருத்துகின்ற கை எவருடையது? மருத்துவர் ஒரு நாள் வந்து போகின்றார். எஞ்சிய நாள்களெல்லாம் குழந்தை தாதியின் கையிலும் தாயின் கையிலுமே இருக்கின்றது. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவர் ஆக்னஸ் ஹண்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி. சிறு வயதிலேயே இடுப்பு மூட்டில் நோய் கண்டு ஆயுள் முழுதும் நொண்டி நடந்தவர் அவர். அந்நிலையிலும் தாதிக் கல்வி பயின்று, 1900ஆம் ஆண்டில் பாஸ்சர்ச் என்னும் சிற்றூரில் இத்தகைய குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். எலும்புக் காசத்தால் முதுகும் இடுப்பும் நைந்த குழந்தைகள் அங்கே திறந்த கொட்டகைகளில் காற்றும் வெயிலும் பெற்றுத் தேறினர். லிவர்பூல் நகரத்துப் புகழ்பெற்ற மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் அவ்வூருக்கே வந்து அறுவைச் சிகிச்சை செய்யலானார். 1921இல் அவ்வில்லம் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரில் பெரிய மருத்துவமனையாயிற்று.

அவ்வம்மையார் கண்ட பேருண்மை ஒன்றுண்டு. இல்லத்தில் தேறிய குழந்தைகள், வீடு சென்றபின் கவனிப்பாரின்றிப் பழைய நிலைக்கே திரும்புதல் கண்டார். உடனே, சுற்றுப்புற ஊர்களில் பின்கவனிப்பு நிலையங்களை நிறுவித் தாதியரை அமர்த்தினார். குழந்தை மருத்துவமனையைத் தேடி அலைவதினும், மருத்துவம் குழந்தையின் ஊருக்கு வருதலே முறை என்பது அவர் கொள்கை.

நிற்க. இக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டு நம் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களை நோக்குவோம். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பின் பால்மரம் வெட்டப் போகும் தாய், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கே பல குழந்தைகளுக்கு ஓர் ஆயா. அவளுக்குத் தாதிக் கல்வி ஏது? தோட்டத்து டிரஸ்ஸர் காய்ச்சலுக்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் தருவார். கோணிய பாதத்தை வாரந்தோறும் திருத்த அவரால் ஆகுமோ? ஈப்போவுக்குப் போய்வரின் ஒருநாட் கூலி போயிற்று. கூலி போனால் அடுப்பு எரியாது. ஆகவே, மாவுக்கட்டுக்கு மறுமுறை வரச் சொன்ன நாள் தவறிற்று. கால் கோணலாகவே முற்றிற்று. இதனை விதி என்றார்கள். விதியன்று, தூரமும் வறுமையுமே.

அருகிலிருக்கும் தாதியின் அருமைக்கு நம் ஈப்போவே சான்று தரும். கணவர் மருத்துவர் கார்த்திகேசுவோடு பிரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்திய சிபில் கார்த்திகேசு, தாதியும் மருத்துவச்சியுமாவார். 1941இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பாப்பான் என்னும் சிற்றூர் சென்று ஏழைகளுக்கும், காட்டிலிருந்து வந்த எதிர்ப்புப் படையினருக்கும் மருத்துவம் செய்தார். 1943இல் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். அதனால் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க இயலாதவரானார். ஆக்னஸ் ஹண்ட், சிபில் கார்த்திகேசு ஆகிய இருவரும் 1948ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். சிபில் அம்மையாரின் பெயரால் இன்று ஈப்போவில் ஒரு சாலை உண்டு. உடல் ஊனம் பாவத்தின் கூலியென்று கூறுவோர், இவ்விருவர் செய்த பாவம் யாதெனச் சொல்லட்டும்!

காலம் மாறிற்று. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகளால் எலும்புக் காசம் தணிந்தது. மலாயாவில் 1961இல் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. கால்களைச் சூம்பச் செய்யும் போலியோவை 1955 முதல் வந்த தடுப்பு மருந்துகள் அடக்கின. 2000ஆம் ஆண்டில் நம் வட்டாரம் போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது. எனினும், 27 ஆண்டுகளாக மலேசியாவில் காணப்படாத அந்நோய் 2019 டிசம்பரில் சபாவில் ஒரு குழந்தையைப் பற்றிற்று. தடுப்பூசியில் அசட்டை கூடாதென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிறவியிலேயே கோணிய பாதம் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு உண்டாகின்றது. இதற்கு அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய பொன்செட்டி என்பார் வகுத்த முறை இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு கட்டுகள். பெரும்பாலோர்க்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு கீறல். பின்னர் இரு பாதங்களையும் ஒரு தண்டில் பிணைக்கும் காலணி. இதனை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், அதன்பின் உறங்கும் வேளைகளில் நான்கு வயது வரையிலும் அணிவிக்க வேண்டும். கோணல் மீள்வதற்குத் தலையாய காரணம் இக்காலணியை இடையில் விட்டுவிடுதலேயாம். குழந்தை அழுகின்றதே என்று இரங்கிக் கழற்றுகின்ற பாட்டியின் அன்பு, பேரனுக்குப் பகையாய் முடிகின்றது.

மாவுக்கட்டிட்ட குழந்தையின் விரல் நுனிகளை அடிக்கடி பார்த்தல் வேண்டும். அவை நீலமாயினும், வெளுப்பினும், குளிர்ந்திருப்பினும், வீங்கினும், குழந்தை ஓயாது அழுதாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனை சேர்தல் கடன். அரிப்பெடுத்தால் கட்டினுள் குச்சி நுழைத்தலாகாது, புண் உண்டாகும்.

பழைய வழக்கமெல்லாம் தள்ளத்தக்கதென்று நாம் சொல்லவில்லை. குழந்தையின் கால்களை நீட்டித் துணியால் இறுகச் சுற்றுதல் இடுப்பு மூட்டு விலகுதற்கு ஏதுவாகும். ஜப்பானில் 1975 முதல் இவ்வழக்கத்தைக் கைவிடச் செய்த பின்னர் அந்நோய் பெரிதும் குறைந்தது. நம் தாய்மாரோ குழந்தையைக் கால் அகல இடுப்பில் ஏந்துகின்றனர்; அது மூட்டுக்கு நன்மை தருவதே. நல்லதைக் காக்க, அல்லதைத் தள்ளுக. அதற்கு அறிவே துலாக்கோல்.

தோட்டங்கள் பல அழிந்தன. மக்கள் பட்டணம் சேர்ந்தனர். அன்று தடுத்த தூரம் இன்று பலர்க்கில்லை. பேறுகாலத்திற்குப் பின் அரசாங்கத் தாதியர் வீடு தேடி வருகின்றனர். அவர் வரும்போது குழந்தையை உள்ளே மறைக்காதீர்கள்! பாதத்தையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். குறித்த நாளில் தாய்க்கு விடுப்புத் தர முதலாளிமார் முன்வரட்டும். காலணி அணிவிக்கும் வேலையைத் தந்தையும் ஏற்கட்டும். கோணிய காலோடு பிறத்தல் எவர் குற்றமுமன்று. திருத்த வழியிருந்தும் திருத்தாது விடுதலே குற்றம்.