இரயில் இல்லாத ஸ்டேஷன்: குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை விட்டுச் சென்ற சொற்கள்

மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில், கேரள எல்லையை ஒட்டித் தேனி மாவட்டத்தில் அமைந்துள்ளது டாப் ஸ்டேஷன். இப்பெயரை மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா என்னும் வினாவுக்கு விடை இலக்கணத்தில் இல்லை, வரலாற்றில் உள்ளது.

கண்ணன் தேவன் மலைத் தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டுசெல்ல 1902இல் இங்கு ஈவிங் முறையிலான மோனோரயில் அமைக்கப்பட்டது. தரையில் பதித்த ஒரே தண்டவாளத்தின்மீது ஓடிய சிறு சக்கரங்கள் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கின. பக்கவாட்டுப் பெருஞ்சக்கரம் சாலையில் உருண்டு சமநிலை காத்தது. வண்டிகளை இழுத்தவை காளைகள். 'மோனோரயில்' என்று மட்டும் எழுதினால், தூண்கள்மேல் விரையும் மின்வண்டியே இன்றைய வாசகர் மனத்தில் தோன்றும். 'ஒற்றைத் தண்டவாளப் பாதை' என்பதே இவ்விடத்திற்குத் தகும் என்பது என் கருத்து.

1908இல் இதற்கு மாற்றாக இரண்டடி அகலமுள்ள குறுகிய இருப்புப்பாதை வந்தது. மூணாறு, மாட்டுப்பெட்டி, பாலாறு வழியே சென்ற அப்பாதை டாப் ஸ்டேஷனில் முடிந்தது. அங்கிருந்து கம்பிவட ஊர்தி வழியே தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர் வண்டிகளில் போடிநாயக்கனூர் சென்றன. கொட்டகுடி முனைக்குப் 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பெயர். ஆகவே 'டாப்' என்பது மலையுச்சியைச் சுட்டுவதன்று. கம்பிவடத்தின் மேல்முனையைச் சுட்டுவது. 'உச்சி நிலையம்' எனப் பெயர்ப்போர் தவறுவது இங்கேதான். இணைச்சொல் வழக்கொழிந்தால் எஞ்சிய சொல்லின் பொருள் இடம்பெயரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1924 ஜூலையில் பெய்த பெருமழையின் வெள்ளம் பாதையைச் சிதைத்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. அதன் ஆயுள் பதினாறே ஆண்டுகள். கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் மலையாளத்தில் இது 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே வழங்குகிறது. கொல்லம் ஆண்டுக்கணக்கை அறியாத மொழிபெயர்ப்பாளர் இதனை 1899 என்றோ 1999 என்றோ மாற்றிவிடக்கூடும். அவ்வாறு மாற்றினால், முதற்கணக்கில் பாதை போடப்படும் முன்பே அழிந்ததாகும். மற்றதில் முக்கால் நூற்றாண்டு கூடுதலாக ஓடியதாகும். 'தொண்ணூற்றொன்பது' என்பதை அப்படியே நிறுத்தி, '1924' என்பதை அருகில் சேர்ப்பதே பிழையற்ற வழி.

டாப் ஸ்டேஷனையும் இவ்வாறே ஒலிபெயர்த்து விடலாம். இரயில் எங்கே என்று வாசகர் வினவுவார், வினவட்டும்.